விளம்பரப் படம், மியூசிக் வீடியோ: தயாரிப்புத் தொழில் பற்றி வாசகர்கள் கேட்டவை

கே: சினிமா டைட்டிலிலும் ‘எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்’ என்று போடுகிறார்கள். விளம்பரப் படக் கம்பெனியிலும் அதே பதவி இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ப: பெயர் ஒன்று, வேலை வேறு. சினிமாவில் பணம் போட்டவருக்கும் சில சமயம் அந்தப் பெயர் கிடைக்கும். விளம்பரப் படக் கம்பெனியில் அது அன்றாடம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எந்த இயக்குநரைச் சேர்த்துக்கொள்வது, எந்த வேலைக்குப் போட்டியிடுவது, எந்தத் தொகைக்குச் சம்மதிப்பது எல்லாம் அவர் முடிவு. வேலை கைக்கு வந்ததும் லைன் புரொடியூசர் வருவார். அந்த ஒரு படத்தின் ஆட்கள், நாட்கள், செலவு அவர் பொறுப்பு. புரொடக்ஷன் மேனேஜர் வண்டி, அனுமதி, சாப்பாடு, ரசீது என்று தரையில் நிற்பவர்.

கே: அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போவது?

ப: பெரும்பாலானோர் புரொடக்ஷன் அசிஸ்டென்ட், கோஆர்டினேட்டர், மேனேஜர், லைன் புரொடியூசர் என்று படிப்படியாக வருகிறார்கள். விளம்பர ஏஜென்சியில் புரொடியூசராக இருந்து வருபவர்களும், மியூசிக் லேபிளில் (பாடல்களை வெளியிடும் நிறுவனத்தில்) இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிஷனராக இருந்து வருபவர்களும் உண்டு. எந்த வழியானாலும் ஒரு பழக்கத்தை இப்போதே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு படம் முடிந்ததும் முதலில் போட்ட பட்ஜெட்டையும் உண்மையில் ஆன செலவையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரி எப்போதும் கூடுகிறது என்று தெரிந்தவரைத்தான் கம்பெனி மேலே ஏற்றும். கூடுவது பெரும்பாலும் ஓவர்டைம், கலை இயக்கம், வண்டி.

கே: ஒரே விளம்பரத்துக்கு மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்கிறார்கள். நாங்கள் குறைவாகக் கேட்டும் வேலை போகிறது. கிடைத்தால் கையைக் கடிக்கிறது. எங்கே தவறு?

ப: மூன்று கம்பெனிகளிடம் கேட்பது பரவலான நடைமுறை. ஏஜென்சி முதலில் இயக்குநரோடு பேசும், பிறகு அவர் டிரீட்மென்டை, அதாவது படத்தை எப்படி எடுக்கப்போகிறார் என்று எழுதித் தருவதை, படிக்கும், அதன் பிறகே தொகையைப் பார்க்கும். டிரீட்மென்டில் கிரேன் ஷாட்டும் 50 பேர் கூட்டமும் எழுதிவிட்டு, பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லையென்றால் நம்பிக்கை போய்விடும். அனுப்புவதற்கு முன் இரண்டையும் ஒருவரே உட்கார்ந்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

கையைக் கடிப்பதற்குக் காரணம் வேறு. செலவு 100, அதன்மேல் 20 வைத்து 120 கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 20 சதவீதம் லாபம் போலத் தெரியும். வருகிற 120-இல் அது 16.7 சதவீதம்தான். அலுவலக வாடகை, சம்பளம், கிடைக்காமல் போன வேலைகளுக்கு எழுதிய டிரீட்மென்ட் செலவு எல்லாம் அந்த 20-இலிருந்தே போகவேண்டும். செலவு 110 ஆகிவிட்டால் அந்த 20-இல் பாதி காலி.

ஆகவே தொகைக்குக் கீழே நிபந்தனைகளை எழுதுங்கள்: எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை லொகேஷன், எத்தனை நடிகர்கள், மழை வந்தால் அந்த நாள் யார் செலவு, 30, 15, 6 விநாடிகளில் எத்தனை வடிவங்கள். செல்போனுக்கான நெட்டுக்குத்து வடிவத்தைத் தனி வரியாகவே எழுதுங்கள். அகலவாக்கில் 16:9-இல் எடுத்ததை உயரவாக்கில் 9:16-க்கு வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இரண்டு ஓரங்களில் நிற்கும் இருவரில் ஒருவர் வெளியே போய்விடுவார். எடுத்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

கே: பாடல் வீடியோவில் ஸ்லோ மோஷன் எடுத்தோம். உதடு பாட்டோடு ஒட்டவே இல்லை.

ப: பாட்டை வழக்கமான வேகத்தில் ஒலிக்கவிட்டிருப்பீர்கள். விநாடிக்கு 24 பிரேமில் ஓடும் படத்துக்கு 48 பிரேமில் எடுத்தால் ஸ்பாட்டில் பாட்டு இரட்டை வேகத்தில் ஒலிக்க வேண்டும். 36 பிரேம் என்றால் ஒன்றரை மடங்கு. இரட்டை வேகத்தில் சொற்கள் நெருக்கமான வரிகளை வாயசைக்கவே முடியாது. அங்கே 36 போதும், அல்லது சொற்களை நீட்டிப் பாடும் பல்லவிக்கு மட்டும் 48 வைத்துக்கொள்ளலாம். வேகம் கூட்டிய பாட்டுப் பிரதிகளை முன்கூட்டியே தயார்செய்து, பாடகருக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள். அதைவிட முக்கியம், லேபிளிடம் இறுதி மிக்ஸ் (குரலும் இசையும் சேர்த்து முடித்த பாட்டு) வாங்கியபிறகே படப்பிடிப்பு. பாட்டின் டெம்போ, அதாவது தாள வேகம், பின்னால் சிறிது மாறினாலும் எடுத்த உதடெல்லாம் வீண்.

கே: மியூசிக் வீடியோவில் மிச்சமே இல்லையே, ஏன் கம்பெனிகள் செய்கின்றன?

ப: அங்கே தொகையை லேபிள் முன்பே சொல்லிவிடும். அதற்குள் இயக்குநருக்கு 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். கம்பெனி பங்கும் போனபின் மீதிதான் திரையில் தெரியும். ஆனால் இயக்குநரின் பெயரை வளர்க்க அதுபோல் வேறில்லை. எம்.டி.வி. 1981 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. இயக்குநர் பெயரைத் திரையில் போட ஆரம்பித்தது 1992 டிசம்பரில்தான். நல்ல எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் வருடத்துக்கு இரண்டு வீடியோக்களைத் தேர்ந்தெடுத்துச் செய்வார், அவை விளம்பர வேலையைக் கொண்டுவரும் என்று கணக்கிட்டு. வருகிறதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி தாங்காது.

கே: ஸ்பாட்டில் கிளையன்ட் “இன்னும் ஒரு ஷாட்” என்றார், எடுத்தோம். இப்போது பணம் தர மறுக்கிறார்கள்.

ப: ஏஜென்சி புரொடியூசரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், அதுவும் எடுப்பதற்கு முன். 30 பேர், 2 மணி நேரம், ஒன்றரை மடங்கு ஓவர்டைம்: 90 மணி நேரக் கூலி. அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, ஷாட்டின் பெயரும் நேரமும் போட்டு நீட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. தாளைப் பார்த்ததும் பல ஷாட்கள் வேண்டாமென்று ஆகிவிடும். உங்கள் ஒப்பந்தம் மொத்தத் தொகைக்கா, ஆன செலவுக்கு ரசீது காட்டி வாங்குவதா என்று பாருங்கள். இரண்டாவது வகையென்றால், கால்ஷீட்டும் (அன்றைய படப்பிடிப்பின் ஆட்களும் நேரமும் எழுதிய தாள்) ஓவர்டைம் பதிவேடும் வைத்து இப்போதும் கேட்டுப் பார்க்கலாம். மொத்தத் தொகை என்றால், இந்தச் செலவு உங்கள் கணக்கில்தான்.