சாஃப்ட்வேர் துறையில் டெக்னிக்கல் டெப்ட், ரீஃபேக்டரிங் போன்ற சொற்களெல்லாம் ஏன் ஆதிப் பொருளில் இப்போது வழங்குவதில்லை?

இந்தச் சொற்கள் பிறக்கும்போது ஒரு வசதியும் ஒரு நிபந்தனையும் சேர்ந்தே பிறக்கின்றன. புழக்கத்துக்கு வந்ததும் நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது, வசதி மட்டும் நிற்கிறது. இதுதான் என் பதில். நான் பாண்டியில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். தினமும் காதில் விழுவதை வைத்துச் சொல்கிறேன்.

டெக்னிக்கல் டெப்ட்டையே, அதாவது கோடில் ஏறும் கடனையே, எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் வார்டு கன்னிங்ஹாம் என்ற புரோகிராமர், வைகேஷ் என்ற நிதித்துறை மென்பொருளைப் பற்றி எழுதியபோது இந்தக் கடன் கணக்கைச் சொன்னார். இன்றைக்குப் புரிந்த அளவுக்கு எழுதி வெளியே விடு. ஓடவிட்டுக் கற்றுக்கொண்டதை வைத்துச் சீக்கிரமே திருத்தி எழுது. திருத்தாமல் கிடக்கும் காலத்துக்கு வட்டி ஏறும். நெல்லிக்குப்பம் பக்கம் நகையை அடகு வைத்துக் கரும்பு போடுகிறவர், வெட்டுப் பணம் வந்ததும் முதல் வேலையாக நகையை மீட்பார். அந்த மாதிரிக் கடன் அது. இன்றோ, டெஸ்ட் இல்லாத மாட்யூல், அவசரத்தில் காப்பி பேஸ்ட் செய்த கோட், வேலையை விட்டுப் போனவர் வைத்துவிட்டுப் போன குப்பை எல்லாமே 'டெக் டெப்ட்'தான். மோசமாக எழுதுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கவில்லை என்று கன்னிங்ஹாமே 2009-ல் வீடியோவில் விளக்கினார். யார் கேட்டார்கள்?

ரீஃபேக்டரிங் கதை இன்னும் மோசம். ரீஃபேக்டரிங் என்றால் சாஃப்ட்வேரின் வெளியே தெரியும் நடத்தை மாறவே கூடாது, கோடின் உள்ளமைப்பு மட்டும் சின்னச் சின்ன அடிகளாக மாற வேண்டும். மென்பொருள் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் இதைப் பற்றி 1999-ல் போட்ட புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எங்கள் டீமில் ஒரு தம்பி வந்து, "அண்ணா, டாக்ஸ் கணக்கை ரீஃபேக்டர் பண்ணிட்டேன், ஆனா டெஸ்டிங்ல தொகை ஒரு பைசா இடிக்குது" என்றான். பாண்டிக் கடையிலிருந்து கடலூருக்குச் சரக்கு போனால் மாநிலம் மாறுவதால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி. 86.70 ரூபாய்ப் பொருள் மூன்று, பில்லில் தனித்தனி வரிசையாக இருக்கிறது, டாக்ஸ் 5 சதவீதம். பழைய கோட் ஒவ்வொரு பொருளுக்கும் 4.335-ஐ 4.34 ஆக்கிக் கூட்டி 13.02 என்று காட்டியது. தம்பி மொத்தத்தைக் கூட்டிவிட்டு ரவுண்ட் செய்திருந்தான்: 13.01. "இது ரீஃபேக்டர் இல்லப்பா, கணக்கையே மாத்திட்டே" என்றேன். எது சரியான கணக்கு என்பது வேறு விவாதம். ஆனால் அந்த விவாதத்தை கஸ்டமரோடு நடத்த வேண்டும், ரீஃபேக்டர் என்ற பெயரில் உள்ளே நுழைக்கக் கூடாது. இன்று மேனேஜர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே 'ரெண்டு வாரம் ரிலீஸ் கிடையாது' என்று முகம் சுருங்குவது இதனால்தான்.

கன்டினியுவஸ் இன்டெக்ரேஷனும் இப்படித்தான். எல்லோரும் தினம் ஒருமுறையாவது டீமுக்குப் பொதுவான மெயின் பிராஞ்சில் தங்கள் கோடைச் சேர்ப்பது என்பதுதான் பழக்கம். இப்போது ஒருவருடைய பிராஞ்ச் மாதக்கணக்கில் தனியாகக் கிடந்தாலும், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற டூல் பச்சை காட்டினால் போதும். டெவ்ஆப்ஸ், கோட் எழுதும் டெவலப்பரும் அதை சர்வரில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் ஆபரேஷன்ஸும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று ஆரம்பித்தது; அதற்கே தனி ஆள் எடுத்துத் தனி அறையில் உட்கார வைத்திருக்கிறோம்.

ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று போகும் வாட்டர்ஃபால் முறை மட்டும் தலைகீழ் விஷயம். வின்ஸ்டன் ராய்ஸ் என்ற மென்பொருள் துறைக்காரர் 1970 கட்டுரையில் அந்தப் படிப்படியான படத்தைப் போட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று எழுதினார். வாட்டர்ஃபால் என்ற பெயரும் அவர் வைத்ததில்லை. ஊர் உலகம் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எச்சரித்தவரையே அதற்குத் தகப்பனாக்கிவிட்டது.

சொற்கள் இப்படித் திரிவதற்கு ஃபௌலர் 2006-ல் செமான்டிக் டிஃப்யூஷன் என்று பெயர் வைத்தார்: வாய்மாறி வாய்மாறிப் போகும்போது பொருள் நீர்த்துப்போவது. அது பாதிதான் என்பேன். வெறும் ஞாபகமறதி என்றால் சில சொற்களாவது கடினமான பக்கமாகத் திரிந்திருக்க வேண்டும். திரிவதெல்லாம் சுலபமான பக்கமாகவே இருக்கிறது. ரெஸ்யூமேயில் போடுகிறவருக்கும், டூல் விற்கிறவருக்கும், ட்ரெய்னிங் நடத்துகிறவருக்கும் பெயர் தேவை. தினமும் மெர்ஜ் செய்யும் கஷ்டம் தேவையில்லை.

சொல்லைத் திருத்தப் போய்ச் சண்டை போடுவதை நான் விட்டாயிற்று. பதிலுக்கு, செய்ய வேண்டிய வேலையைப் பதியும் டிக்கெட்டில் 'டெக் டெப்ட்' என்று மட்டும் எழுதினால் எங்கள் டீமில் எடுப்பதில்லை. முன்பு என்ன நினைத்தோம், இப்போது என்ன தெரிகிறது, கோட் எங்கே ஒட்டவில்லை என்று இரண்டு வரி வேண்டும். அப்படி எழுதச் சொன்னதும் பாதி டிக்கெட்டுகள் சத்தமில்லாமல் 'லைப்ரரி அப்டேட்', 'பக்' என்று பெயர் மாறிவிட்டன.