புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு 66 வயது, லுங்கி நெசவு. சாப்பாடு இறங்காமல் எடை குறைந்துகொண்டே வந்ததால் வேலூரில் காட்டினோம். எண்டோஸ்கோபி, சதைப் பரிசோதனை, சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, முழுதாகக் குணமாகாது, கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார்கள். அப்பாவிடம் ‘அல்சர்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டு கீமோ முடிந்தது. படிவத்தில் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். “சொன்னா பயத்துலயே பூடுவாரு, இல்லன்னா ஏதாவது பண்ணிக்குவாரு. நல்லதுக்குச் சொல்ற பொய் பாவமில்ல” என்கிறார். அப்பா பெயரில் உள்ள மனையை, வேறு காரணம் சொல்லிக் கையெழுத்து வாங்கி விற்று, பெங்களூருக்கு அழைத்துப் போகலாம் என்றும் பேச்சு. அப்பா என்னிடம் மட்டும், “புண்ணுக்கு இன்னாத்துக்கும்மா இத்தினி ஊசி?” என்று கேட்கிறார். நாங்கள் மறைப்பது சரியா டாக்டர்?

— ஒரு மகள், குடியாத்தம்

பதில்: உங்கள் அப்பா கேட்டது வெறும் கேள்வி இல்லையம்மா. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அல்சருக்கு இத்தனை மணி நேரம் டிரிப் ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு முடி கொட்டியிருப்பதைப் பார்க்கிறார். வார்டு வாசலில் உள்ள பலகையைப் படிக்கிறார். நீங்கள் எல்லோரும் அவர் எதிரில் ஒரு மாதிரியும், வராந்தாவில் வேறு மாதிரியும் பேசுவதைக் கவனிக்கிறார். நான் பார்த்தவரையில் இப்படி மறைக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்த பிறகும், பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று தெரியாதது போலவே இருந்துவிடுகிறார்கள். அப்பா பிள்ளைகளுக்காக மறைக்கிறார், பிள்ளைகள் அப்பாவுக்காக மறைக்கிறார்கள். கடைசி மாதங்களில் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேச முடியாமல் போவதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

உங்கள் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். வேலூர் ஆஸ்பத்திரிகளில் இது தினசரிக் காட்சி. நோயாளி உள்ளே வருவதற்கு முன் மகன் வந்து, “சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க” என்று கிசுகிசுப்பார். இல்லாவிட்டால் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கையசைப்பார். ஆந்திராவிலிருந்து வந்தாலும், மேற்கு வங்கத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்த்தாலும் இதே சைகைதான். அதற்குப் பின்னால் இருப்பது அன்பும் பயமும்.

அந்தப் பயத்தில் உண்மையும் உண்டு. புற்றுநோய் என்று தெரிந்த முதல் சில மாதங்களில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதனால் ‘ஏதாவது பண்ணிக்குவாரு’ என்பதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதற்கு வழி, பக்குவமாகச் சொல்வதும், சொன்ன பிறகு தனியே விடாமல் இருப்பதும், தூக்கம், பேச்சு, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கவனிப்பதும்தான். பொய்யால் இந்த அபாயம் போகாது. ஒருநாள் எதிர்பாராமல் ரிப்போர்ட்டைப் படித்துத் தெரிந்துகொள்பவர், அந்த நேரத்தில் தனியாக இருப்பார்.

சரி, நியாயம் என்ன சொல்கிறது? நீங்களும் அண்ணனும் வீட்டில் போடும் சண்டையை மருத்துவ அறவியல் நெடுங்காலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. விளைவைப் பார்த்து முடிவு செய் என்பது ஒரு பக்கம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றவர்கள் வளர்த்த சிந்தனை அது. அண்ணன் அங்கே நிற்கிறார்: பொய்யால் அப்பா நிம்மதியாக இருந்தால் அது நல்ல பொய். ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் எதிர்ப்பக்கம். கொல்ல வருகிறவன் ‘உன் நண்பன் எங்கே’ என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797-ல் எழுதியவர் அவர். அந்த அளவுக்குப் போக என்னால் முடியாது. ஆனால் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பொய் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முடிவெடுக்கும் உரிமையை அவரைக் கேட்காமலே நாம் எடுத்துக்கொள்கிறோம். அதே நேரம், பொய் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பதில் அங்கேதான்.

அண்ணன் விளைவைப் பற்றிப் பேசுவதால், அந்தக் கணக்கையே முழுதாகப் போட்டுப் பார்ப்போம். அல்சர் என்று நம்பும் மனிதர், இரண்டு கீமோவுக்குப் பிறகு ‘புண்ணுக்கு இவ்வளவு வாந்தியா, வேண்டாம்’ என்று நிறுத்திவிட்டால் எந்தக் காரணம் சொல்லித் திரும்ப அழைப்பீர்கள்? வலி கூடும்போது ‘புண் ஆறவே இல்லையே, நல்ல டாக்டரைப் பாருங்கள்’ என்று கோபப்பட்டால்? கொடுக்க வேண்டிய கடன், வாங்க வேண்டிய பாக்கி, பார்க்க ஆசைப்படும் தங்கை, குலதெய்வத்துக்கு நேர்ந்த வேண்டுதல், இதையெல்லாம் ‘உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்த ‘அப்புறம்’ எவ்வளவு குறைவு என்பது வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். விளைவை வைத்துப் பார்த்தாலும் மறைப்பதுதான் தோற்கிறது.

1979-ல் அமெரிக்காவில் டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்ற இருவர் மருத்துவத்துக்கு நான்கு அறக் கோட்பாடுகளை முன்வைத்தார்கள். நோயாளியின் சுய முடிவை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, நீதி. இன்று எங்கள் கல்லூரிகளில் சொல்லித்தருவது இவற்றைத்தான். முதலாவதைக் கேட்டதும், “அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்” என்பார்கள். 1961-ல் அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். அங்கேயும் இருபது வருஷத்துக்குள் மாறிய பழக்கம்தான் இது. நடுவில் சிகிச்சைகள் முன்னேறின, நோயாளிகளும் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய பெண் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கக் காரணம், அதற்குச் சில வருஷம் முன்பு திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்தது. பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களின் கணவர்கள், அப்போது டாக்டராக இல்லாத ஐடாவிடம் உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் என்பதால் ஐடாவின் அப்பாவை அழைத்துப்போக மூவரும் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தக் கதையை எங்கே கேட்டாலும், அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வராது. குடும்பம் அன்போடும் மானத்தோடும் முடிவெடுத்தாலும், உடம்பு யாருடையதோ அவரைக் கேட்காத முடிவு என்னவாகும் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம். நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள். டெல்லி வழக்கு ஒன்றில், மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெரியவருக்காக, அவசரம் இல்லாதபோது, உறவினர் கையெழுத்துப் போடுவது போதாது. உங்கள் அப்பா தெளிவாக இருக்கிறார். அந்தப் படிவத்தில் இருக்க வேண்டியது அவர் கையெழுத்து. இதில் அண்ணனைவிட, கையெழுத்தை வாங்கிக்கொண்டவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இனி செய்ய வேண்டியது. நீங்களாக வீட்டில் உட்கார்ந்து உடைத்துச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ரிவியூவுக்கு முன் டாக்டரைச் சந்தித்து, அப்பாவிடம் நேராகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் இல்லாத அறை, அப்பா நம்பும் ஓர் ஆள் பக்கத்தில், அவசரமில்லாத நேரம். நல்ல டாக்டர் எடுத்ததும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். “உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று ஆரம்பிப்பார். பிறகு, “ரிப்போர்ட் எல்லாம் வந்திருக்கு. உங்ககிட்டயே முழுசா சொல்லட்டுமா, இல்ல பசங்ககிட்ட பேசிக்கட்டுமா?” என்று கேட்பார்.

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. “அவங்ககிட்டயே பேசிக்குங்க சார்” என்று அப்பா சொன்னால் நீங்கள் மறைத்ததாக ஆகாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதை அவர் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மனசு மாறலாம் என்பதால் சில வாரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். “சொல்லுங்க” என்றால், புரியும் வார்த்தையில், அவர் கேட்கும் அளவுக்கு, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அழுதால் அழட்டும். உடனே ‘ஒன்றும் ஆகாது’ என்று யாரும் குறுக்கே விழ வேண்டாம். எத்தனை மாதம் என்று கேட்டால் தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதையும் உண்மையாகவே சொல்லலாம்.

அதற்குள் உங்களிடம் மறுபடியும் ஊசியைப் பற்றிக் கேட்டால், அல்சர் என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள். “புண் மட்டும் இல்லப்பா. டாக்டர்கிட்ட சேர்ந்தே போய்க் கேட்கலாம், நான் கூட இருக்கேன்” என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை.

மனை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. உண்மையைச் சொல்லாமல் அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள். மனை அவருடையது. அதைத் தன் வைத்தியத்துக்குச் செலவழிப்பதா, பேரப்பிள்ளைகளுக்கு விடுவதா என்பது அவர் முடிவு. பரவிய இரைப்பைப் புற்றுநோயை பெங்களூரிலும் முழுதாகக் குணப்படுத்த முடியாது. இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் ரிப்போர்ட்டுகளோடு ஒருமுறை போய்க் கேட்கலாம். அதற்கு மனையை விற்கத் தேவையில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழி கொடுத்திருக்கிறது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். அவருக்கு நோய் தெரிந்தால்தான் இதையெல்லாம் அவரோடு பேச முடியும்.

வலி வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். டாக்டர் சொல்லும் அளவில் மார்பின் மாத்திரை பாதுகாப்பானது, அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். கீமோ நடக்கும்போதே வலி நிவாரணப் பிரிவில் பதிந்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சொன்ன பிறகு அவர் ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பது போல் பேசினால், சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் போன் செய்யலாம். அடுத்த ரிவியூவுக்கு அண்ணனையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். டாக்டர் அப்பாவிடம் பேசும்போது அவரும் அந்த அறையில் இருக்கட்டும்.