முதல்ல வருஷத்தைச் சொல்லுங்க: குட்டி ரயில் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிரிட்டனுக்கு ஒரு தடவகூட போனதில்ல, ஆனா பிரிட்டிஷ் மாடல் ரயில்னா உயிர். ரெண்டு வருஷமா கண்ணுல பட்டதெல்லாம் வாங்கிட்டேன். மல்லார்ட் நீராவி இன்ஜின் இருக்கு, கிளாஸ் 37 டீசல் இன்ஜின் இருக்கு, எச்எஸ்டி 125 அதிவேக டீசல் ரயில் இருக்கு. வரிசையா நிறுத்திப் பாத்தா மட்டும் ஏதோ ஒட்டவே மாட்டேங்குது. ஏன்?

பதில்: ஒட்டாதுதாங்க, ஏன்னா அதுல பாதி ஒண்ணையொண்ணு பாத்ததே இல்ல. மல்லார்ட் மணிக்கு 126 மைல் வேகத்துல ஓடி சாதனை பண்ணினது 1938 ஜூலை 3, சர்வீஸ்லேந்து ஓய்வு குடுத்தது 1963, எச்எஸ்டி பயணிகளை ஏத்திக்கிட்டுக் கிளம்பினதே 1976-லதான், நடுவுல 1968 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் ரயில் மெயின் லைன் நீராவி சர்வீஸையே முடிச்சிருச்சு. அங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு இது கேள்விப்பட்டுப் பழகின விஷயம், தாத்தா எந்த ரயில்ல போனாரு, அப்பா எந்த ரயில்ல போனாருன்னு வீட்லயே பேசியிருப்பாங்க. வெளியில இருக்கற நமக்கு அது கிடையாது, அதனால நாமளா ஒரு வருஷத்தையும் ஒரு லைனையும் பிடிச்சுக்கணும். நான் பிடிச்சது 1985, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோலேந்து மல்லெய்க் போற வெஸ்ட் ஹைலேண்ட் லைன், கிளென்ஃபின்னன் பாலத்தோட 21 வளைவு மேல கிளாஸ் 37 நாலஞ்சு பெட்டியை இழுத்துக்கிட்டுப் போற ஒரு போட்டோ, அவ்ளோதான். அந்த போட்டோவுல இல்லாத எதையும் வாங்கறதில்லன்னு வச்சுக்கிட்டேன். செலவும் குறைஞ்சுது, அலமாரியும் ஒரு இடம் மாதிரி ஆச்சு. உங்க மல்லார்டை விக்கச் சொல்லல, அதுக்குத் தனியா ஒரு தட்டு குடுங்க.

கேள்வி: ஓஓ (பிரிட்டிஷ் மாடல் அளவு), எச்ஓ (ஐரோப்பிய மாடல் அளவு) ரெண்டும் ஒரே தண்டவாளத்துல ஓடுது. அப்புறம் ஏன் அளவு வேற?

பதில்: தண்டவாளம் ரெண்டுக்கும் 16.5 மில்லிமீட்டர்தான். ஆனா எச்ஓ இன்ஜின் 1:87, ஓஓ 1:76. பிரிட்டிஷ் இன்ஜின்கள் நிஜத்துலயே ஐரோப்பிய இன்ஜின்களைவிடச் சின்னது, அந்தக் காலத்து மோட்டார் 1:87 உடம்புக்குள்ள அடங்கல, அதனால உடம்பை மட்டும் பெருசாக்கிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுட்டாங்க. நிஜமான 1435 மில்லிமீட்டர் தண்டவாள அகலத்தை 1:76-க்கு (துல்லியமா 1:76.2) கொண்டுவந்தா கிட்டத்தட்ட 18.83 வரணும், அதனாலதான் முன்னாலேந்து பாத்தா ஓஓ இன்ஜின் ஒடுக்கமான கால்ல நிக்கற மாதிரி இருக்கு. அது பொறுக்காதவங்க 18.83-லயே தண்டவாளம் கட்டறாங்க, அவங்க பொறுமைக்கு ஒரு கும்பிடு. எச்ஓ வீடு, கார், ஆள் பொம்மையை மட்டும் ஓஓ பக்கத்துல வைக்காதீங்க, டிரைவர் சின்னப் பையன் மாதிரி தெரிவாரு.

கேள்வி: கிளாஸ் 37-ல நம்பர் மாத்தணும். எந்த நம்பர் வேணா போடலாமா, எப்படி மாத்தறது?

பதில்: எந்த நம்பர் வேணா போட முடியாது, நான் பட்ட அனுபவத்தைச் சொல்றேன். 1960-லேந்து 65 வரைக்கும் மொத்தம் 309 கட்டினாங்க, அதுல டி6700-லேந்து டி6818 வரைக்கும் மூக்குல ரெண்டு தனித்தனி ஹெட்கோட் பாக்ஸ் (எந்த ரயில்னு நாலு எழுத்துல காட்டற பெட்டி), நடுவுல கதவு. டி6819-லேந்து நடுவுல ஒரே பெரிய பாக்ஸ். 70-கள்ல புது நம்பர் குடுத்தப்போ டி6701 ஆனது 37001, டி6702 ஆனது 37002, இப்படியே 118 வரைக்கும் போச்சு. அப்போ 119-லேந்து நடு பாக்ஸ்னு கணக்குப் போட்டு, மல்லெய்க் லைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, நடு பாக்ஸ் மாடல்ல 37119-ன்னு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து ஒட்டினேன். அப்புறம் போட்டோ பாத்தா ரெண்டு பாக்ஸ்! 37000-ன்னு நம்பர் கிடையாதாம், அதனால முதல் பிள்ளையான டி6700-ஐக் கொண்டுபோய் 37119 ஆக்கிட்டாங்க, நிஜமா 119 ஆகவேண்டிய டி6819-க்கு 37283 போட்டுட்டாங்க. அன்னிக்கிலேந்து போட்டோ பாக்காம ஒரு எழுத்துகூட ஒட்டறதில்ல. அதுவும் நீங்க எடுத்துக்கிட்ட வருஷத்து போட்டோவா இருக்கணும், ஏன்னா 1976-ல ஹெட்கோட் காட்டறதை நிறுத்தினாங்க, அப்புறம் அந்த பாக்ஸ்ல பெரும்பாலும் கறுப்புப் பின்னணியில ரெண்டு வெள்ளைப் புள்ளிதான், 1985 மாடல்ல நாலு எழுத்து ஹெட்கோட் இருந்தா அது தப்பு.

இப்போ கைவேலை. பழைய நம்பரை எடுக்க எனாமல் தின்னரைக் காது குடையற பஞ்சுல லேசா தொட்டு, நம்பர் மேல மட்டும் வட்டமா தேய்ங்க, அழுத்தாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், நம்பர் மெதுவா கலங்கிப் பஞ்சுல வரும். முதல்ல கண்ணுல படாத அடிப்பக்கத்துல சோதிச்சுப் பாருங்க, சில பெயின்ட் தாங்காது. சுத்தமானதும் அந்த இடத்துல மட்டும் பளபளப்பான (gloss) வார்னிஷ் ஒரு கோட். இதை விட்டுட்டா டிரான்ஸ்ஃபருக்கு (தண்ணியில நனைச்சு ஒட்டற மெல்லிசான எண் படலம்) அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளக்கும், எத்தனை அழகா ஒட்டினாலும் அது ஸ்டிக்கர்னு காட்டிக்குடுத்துரும். மாஸ்கிங் டேப்பை நம்பரோட அடிக்கோடா ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு எண்ணா நகத்துங்க, காஞ்சதும் படலத்தை இளக்கிப் படிய வைக்கற சாஃப்ட்னர் ஒரு சொட்டு, மறுநாள் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

கேள்வி: பிரிட்டன் கடையில ஆர்டர் பண்ணும்போது எதைக் கவனிக்கணும்?

பதில்: அங்க போட்டிருக்கற விலையில 20 சதவீதம் வாட் வரி சேந்திருக்கும், வெளிநாட்டு அட்ரஸ் குடுத்தா பல கடைங்க அதைக் கழிச்சுருவாங்க. 180 பவுண்ட் இன்ஜின்னா 1.2-ஆல வகுத்து 150, 180-ல 20 சதவீதம் கழிச்சு 144 வரும்னு நினைச்சுக்காதீங்க. உங்க ஊர் சுங்க வரி, தபால் செலவு தனி. ஸ்ப்ரே கேன் விமானத்தபால்ல வராது, அதைப் பக்கத்துலயே வாங்கிக்குங்க. பழைய மாடல்னா ஓடற வீடியோ கேளுங்க, அடிச்சட்டம் வளைஞ்சோ வெடிச்சோ இருக்கான்னு போட்டோ கேளுங்க, துத்தநாகக் கலவையில கலப்படம் இருந்தா அது வருஷக்கணக்குல உள்ளேயே உப்பி நொறுங்கும், அதுக்கு மருந்தே இல்ல. முக்கியமா பெட்டிக்குள்ள அந்தக் குட்டி பிளாஸ்டிக் பை இருக்கான்னு கேளுங்க. பிரேக் பைப், ஸ்க்ரூ கப்ளிங் (வண்டிகளை இணைக்கற கொக்கி), பனி தள்ளற கலப்பை எல்லாம் அதுலதான், தனியா தேடினா கிடைக்கறது கஷ்டம். அந்தப் பைப்பையெல்லாம் ஒரு முனையில மட்டும் மாட்டுங்க, மறுமுனையில மாடல் பெட்டியை மாட்டற கப்ளிங் அப்படியே இருக்கட்டும், ரெண்டும் ஒரே முனையில இருந்தா 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுல கப்ளிங் திரும்பும்போது பைப்ல இடிச்சு வண்டி தடம் புரண்டுரும்.

கேள்வி: நிஜமா ஓடிப் பழசான மாதிரி தெரியணும்னு, இவ்ளோ காசு குடுத்து வாங்கின இன்ஜின் மேல அழுக்குப் பூசச் சொல்றாங்களே, கை நடுங்குது.

பதில்: இன்ஜின்ல ஆரம்பிக்காதீங்கம்மா. ஒரு 16 டன் நிலக்கரி வேகன் வாங்குங்க, விலையும் கம்மி, நிஜத்துல அது சுத்தமா இருந்ததே கிடையாது. பக்கவாட்டுல சாய்வா ஒரு வெள்ளைக் கோடு இருக்கும் பாருங்க, அதோட மேல் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து முனையிலதான் கதவு, கரியைக் கொட்டறதுக்காக. கரி உரசி உரசி உள்பக்கம் பெயின்ட்டே நிக்காது, அதனால முதல்ல உள்ள துருவைப் பூசுங்க, வெளியில கைவைக்கவே வேணாம். ஆரஞ்சு கலர் வேணாம், காபிப்பொடி மாதிரி கரும்பழுப்பு. தண்ணி கலந்த அக்ரிலிக் பூசி, காயறதுக்குள்ள ஈரப் பஞ்சால மேலேந்து கீழ இழுங்க, மழைத்தண்ணி வடிஞ்ச திசை அதுதான். பிடிக்கலைன்னா அப்பவே தொடச்சுரலாம். அப்படி ஆறு வேகன் பண்ணி முடிச்சுட்டு இன்ஜினை எடுங்க, அதுக்குள்ள நடுக்கம் நின்னிருக்கும்.