வாசகர் கேள்வி – பதில்: புழுதிப் பாடல்கள் மீண்டும் தட்டில்

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரியின் 'டஸ்ட் பௌல் பேலட்ஸ்' என்ற எதிர்ப்புப் பாடல் தொகுப்பை வினைல் தட்டாக மறுவெளியீடு செய்திருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கும் பாடல்களுக்கு மறுவெளியீடு எதற்கு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இன்று அது கைப்பேசியில் கிடைப்பதே முன்பு நடந்த மறுவெளியீடுகளின் பயன்தான். 1935 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கச் சமவெளியில் பகலை இருளாக்கிய புழுதிப் புயல் வீசியபோது, கத்ரி டெக்சாஸின் பாம்பா என்ற ஊரில் இருந்தார். அறைக்குள் எரிந்த மின்விளக்கு சிகரெட் நுனிக் கங்கு அளவுக்கே தெரிந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். வறட்சியாலும் வங்கிக் கடனாலும் நிலத்தை இழந்த உழவர்கள் மேற்கே கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பினார்கள். 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை 136 காவலர்களை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது. 'டோ ரே மி' (பேச்சுவழக்கில் காசு) என்ற பாடல் சொல்வது அந்த எல்லையில் பட்ட அவமானத்தைத்தான்.

1940 ஏப்ரலில், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இப்பாடல்களைப் பதிவு செய்தது. அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்வது, அரக்கால் ஆனது. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கிறோமே, அதே அரக்கு. உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்பியதும் நம் நாடுதான். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் என்பதால், 'டாம் ஜோட்' என்ற நீண்ட கதைப்பாடலை இரண்டு பக்கங்களுக்குப் பிரித்தார்கள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். மூன்று மூன்று தட்டுகளாக இரண்டு கட்டுகள் வெளிவந்தன. இடம் போதாமல் இரண்டு பாடல்கள் விடுபட்டுப் போயின.

சில ஆண்டுகளில் தொகுப்பு கடைகளிலிருந்து மறைந்தது. மீண்டும் வெளியிடும்படி கத்ரி கேட்டபோது, விற்காது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. பாட்டைத் தடை செய்ய எவரும் உத்தரவு போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சில் இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது. ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய மோசஸ் ஆஷ், அப்போது புதிதாக வந்திருந்த நெடுந்தட்டு (எல்.பி.) வடிவில், ஆர்.சி.ஏ.வின் அனுமதி இல்லாமலே 1950இல் அப்பாடல்களை வெளியிட்டார். சட்டப்படி அது சரியா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தட்டு கிடைக்காமல் போன ஆண்டுகளை நினைத்தால், அவர் செய்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1964இல் ஆர்.சி.ஏ. தானே மறுவெளியீடு செய்து, விடுபட்ட இரண்டு பாடல்களையும் சேர்த்தது. ஆஷின் மறைவுக்குப் பிறகு 1987இல் அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸை ஏற்றபோது, அதன் ஏறத்தாழ 2,200 தொகுப்புகளும் என்றென்றும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உடன்பாடாயிற்று. விற்பனையைப் பார்த்து எதையும் கைவிடக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டைப் பதிப்பு வரலாற்றின் மிக நேர்மையான ஒப்பந்தங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன்.

கேள்வி: மறுவெளியீட்டு அட்டைகளில் '180 கிராம்' என்று பெரிதாகப் போடுகிறார்களே, எடை கூடினால் ஒலியும் கூடுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எடை கூடிய தட்டு எளிதில் வளையாது, மற்றபடி ஒலியின் தரத்தை அது தீர்மானிப்பதில்லை. எந்த மூலப் பதிவிலிருந்து எடுத்தார்கள், ஒலிப்பள்ளங்களை எவ்வளவு கவனமாக வெட்டினார்கள், எவ்வளவு சுத்தமாக அச்சடித்தார்கள் என்பவையே முக்கியம். கத்ரியின் இத்தொகுப்பு, ஒலிப்பதிவுக்கான காந்தநாடா புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு நேரடியாகத் தட்டிலேயே பதிவானது. ஆகவே மூலத்தில் மெல்லிய இரைச்சல் இருந்தே தீரும். அதை முழுவதும் துடைத்தெடுக்க முயன்றால், கித்தார்க் கம்பியில் விரல் உராயும் ஓசையும், பேச்சுநடைப் பாட்டில் அவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு முன் நிறுத்தும் அந்தச் சிறு அமைதியின் உயிரும் சேர்ந்தே போய்விடும். 'டாக்கிங் டஸ்ட் பௌல் புளூஸ்' பாட்டில், உருளைக்கிழங்குக் குழம்பு எவ்வளவு நீர்த்துப் போயிருந்தது என்றால் அதன் வழியே பத்திரிகை படிக்கலாம் என்பார். அந்த இடத்தில் குரல் சற்றும் உயராது. இரைச்சலோடு கேட்டால்தான் அந்தச் சமநிலை நமக்குப் புரிகிறது.

வாங்குமுன் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவானதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருந்தால் வேண்டாம். மூலம் எது என்று எழுதியிருக்கிறதா, பாடல் வரிகளும் குறிப்புகளும் உள்ளனவா, 1940இல் விடுபட்ட 'பிரிட்டி பாய் ஃபிளாய்ட்', 'டஸ்ட் பௌல் புளூஸ்' ஆகிய இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.