தாத்தா வீட்டுக்கு முதலில் சிமெண்டா, பெயர்ப்பலகையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு எங்களுக்கு வந்திருக்கிறது. முற்றம், திண்ணை எல்லாம் உண்டு. சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா? வருஷத்துக்குக் கொஞ்சமாகத்தான் செலவழிக்க முடியும். ஊரில் ‘கணக்கப்பிள்ளை வீடு’ என்கிறார்கள். புதுப் பெயர் வைக்க ஆசை.

பதில்: சிமெண்ட் மட்டும் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் அந்தத் தப்பைச் செய்தேன். மூன்றாம் மழைக்குள் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது; கூடவே செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறும். ஒரு முழ உயரத்தில் இருந்த உப்பு இடுப்பளவுக்கு வரும்.

இந்த வருஷம் பூச்சு வேலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் அங்கே போய்த் தங்குங்கள். எந்த ஓட்டில் ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, சுவரில் கரியால் குறி போடுங்கள். அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தாழ்வார ஓரத்தில் கைமரங்களின், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களின், நுனியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் அந்த மரம் உளுத்துவிட்டது. கெட்டதை மட்டும் மாற்றி, ஓட்டைப் பிரித்து மேய்வதுதான் முதல் செலவு. உடையாத பழைய ஓடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே அளவில் இப்போது கிடைப்பது கஷ்டம். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பின் அடைப்பையும் அப்போதே எடுத்துவிடுங்கள். வெளியே சுவரை ஒட்டி மண் மேடு தட்டியிருந்தால் வெட்டிச் சரித்துவிடுங்கள். ஈரம் இதிலேயே நிறையக் குறையும்.

சுவருக்கு அடுத்த கோடையில் வரலாம். தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தியெடுங்கள். நீற்றிய, அதாவது சுட்ட கல்லில் தண்ணீர் விட்டுப் பொரியவைத்த, சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசலாம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண், வெள்ளையடித்தால் போதும்.

தரை, கழிவறை, மின்சாரமெல்லாம் அதற்கப்புறம். வயரிங் பழசாக இருந்தால் அந்த வேலையை மட்டும் முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயர். ‘கணக்கப்பிள்ளை வீடு’ என்றால் பால்காரருக்குக்கூட வழி தெரிகிறதே, அதை ஏன் விடுகிறீர்கள்? பத்திரத்தையும் வீட்டு வரியையும் வாசல் பெயர் எதுவும் செய்யாது. நானாக இருந்தால் அந்தப் பெயரையே எழுதுவேன். பலகையை மட்டும் வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டாதீர்கள், மரம் கீறிவிடும். திண்ணைச் சுவரில், பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு.