செக்: அரசன், அணை, காசோலை எல்லாம் ஒரே சொல்லா?

கேள்வி: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அண்மையில் அமெரிக்கா செல்லும் பயணிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்தேன். ‘செக்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘சரிபார்’, ‘சோதனை’ என்றே எழுதினேன். ‘சோதிக்கப்பட்ட பெட்டி ஒன்றுக்கு அனுமதி உண்டு’, ‘உணவு முடிந்ததும் சோதனையைக் கேளுங்கள்’, ‘உரிய கட்டத்தைச் சரிபார்க்கவும்’ என்ற வரிகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது? வங்கிச் செக்கும் இதே சொல்தானா? (வேலூர் வாசகி)

பதில்: ‘உணவு முடிந்ததும் சோதனையைக் கேளுங்கள்’ என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். சில உணவகங்களில் பில்லைப் பார்க்கும்போது அது சரியான மொழிபெயர்ப்பு என்றே தோன்றும். ஆனால் தவறு உங்களுடையது மட்டும் அல்ல. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துள்ள இந்தச் சொல்லுக்கு அகராதி பக்கம் பக்கமாகப் பொருள் தருகிறது. எந்தப் பொருள் எதிலிருந்து பிறந்தது என்று தெரியாவிட்டால், முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளத்தான் கை போகும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வங்கிச் செக்கும் இதே சொல்தான். அது மட்டுமல்ல, கட்டம் போட்ட சட்டையும், பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரும், ‘செஸ்’ என்ற விளையாட்டின் பெயரும் இதே குடும்பம். குடும்பத்தின் மூத்தவர் ஓர் அரசர்.

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து நம் நாட்டில் ஆடிய சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. பாரசீக ஆட்டக்காரர் எதிராளியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று குரல் கொடுப்பார். ‘அரசன்! பார்த்துக்கொள்’ என்று பொருள். இந்த ‘ஷா’வும் வடமொழியின் ‘க்ஷத்திரிய’னும் ஒரே வேரில் கிளைத்தவை. அரபி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற அந்தக் குரல் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆகி, ஆங்கிலத்தில் தலை தேய்ந்து ‘செக்’ என்று நின்றது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் தேய்ந்து ‘செஸ்’ ஆனது. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் எழும் எச்சரிக்கையும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும்!

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ‘அரசன் இறந்தான்’ என்று பலரும் விளக்குவார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்து, வழியற்று நிற்பது. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் நிறுத்துகிறார்கள். ஆகவே எனக்குப் பாரசீக விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

அரசனுக்கு ஆபத்து என்றதும் மற்றத் திட்டங்களெல்லாம் நின்றுபோகும். முதலில் அவனைக் காப்பாற்றியாக வேண்டும். ‘நிறுத்து, தடு’ என்ற பொருள் செக்குக்கு வந்தது இப்படித்தான். நம் ஊர் ஓடைகளின் குறுக்கே கட்டும் ‘செக் டேமி’ல் இருப்பது இந்தப் பொருளே. அதற்குத் ‘தடுப்பணை’ என்று பெயர் வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். அகராதியின் முதல் பொருளை எடுத்திருந்தால் அது ‘சோதனை அணை’ ஆகியிருக்கும். அந்த அணை என்ன வேலை செய்கிறது என்று பார்த்து அவர் பெயர் வைத்தார். அமெரிக்க அரசியலைப் பற்றி எழுதும்போது வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்பதும் தடுப்பைத்தான் சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். அவர் மறுப்பை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீறலாம். இங்கே யாரும் யாரையும் ‘சரிபார்க்க’வில்லை.

தடுத்து நிறுத்துவதிலிருந்து, நிறுத்திக் கணக்குக் கேட்பதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பிறந்தன. சோதனைச் சாவடியில் வண்டிக்குத் தடுப்பு, சோதனை இரண்டும்தான் நேர்கின்றன. நீங்கள் எல்லா இடத்திலும் எழுதிய ‘சரிபார்’ இந்தக் கிளையைச் சேர்ந்தது, வயதில் இளையது.

வங்கிச் செக்கின் கதைக்குள் போக வேண்டுமானால் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கணக்கு மன்றத்துக்குள் நுழைய வேண்டும். இரண்டாம் ஹென்றி மன்னரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அதைப் பற்றி இலத்தீனில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஆண்டுக்கு இருமுறை மாவட்ட அதிகாரிகள் வரிப்பணத்தோடு வந்து நிற்க வேண்டும். ரோமன் எண்களை எழுதி வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு என்பதால், பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று துணியின் மேல் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். அதிகாரி கொடுக்க வேண்டியது ஒரு வரிசை, கொடுத்தது ஒரு வரிசை. பொருளாளரும் அதிகாரியும் மோதும் சதுரங்கம் என்றே ஃபிட்ஸ்நீல் இதை வருணிக்கிறார். சதுரங்கப் பலகைக்கு இலத்தீனில் ‘ஸ்கக்காரியம்’ என்று பெயர். மேசையின் பெயர் மன்றத்துக்கும் ஆகி, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’ ஆயிற்று. பிரிட்டன் நிதியமைச்சரை இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றே அழைக்கிறார்கள். தமிழில் ‘நிதியமைச்சர்’ போதும், பலகையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

அந்த மன்றத்தில் பணம் பெற்றதற்கு ரசீது, ஒரு மரக்குச்சி. தொகைக்கேற்ப அதில் வெட்டுக்குறிகள் செதுக்கி, குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குறிகள் பொருந்த வேண்டும். ஒரு பாதியில் மட்டும் திருத்தினால் உடனே அகப்பட்டுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டு வரை இது நீடித்தது. வழக்கொழிந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் அடுப்புகளில் அளவுக்கு மீறித் திணித்து எரித்ததில், நாடாளுமன்றக் கட்டடமே பற்றி எரிந்துபோனது. பழைய கோப்புகளை அழிக்கக் கிளம்பும் அலுவலகங்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

குச்சியின் இடத்தைக் காகிதம் பிடித்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்குச் ‘செக்’ என்று பெயர் வந்தது. பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் ஏறிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘கியூ’ எழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் பழையபடி ‘சி-கே’ என்றே முடிக்கிறார்கள். காசோலை போன்ற ஆவணங்களுக்கான நம் நாட்டின் 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டம் ‘கியூ’ வடிவத்தை எடுத்துக்கொண்டதால் நம் வங்கிகளிலும் அதுவே. தமிழில் அழகான ‘காசோலை’ இருக்கும்போது இந்தத் தகராறே இல்லை.

உங்கள் கையேட்டின் சிக்கல்களில் பாதி இந்த அடிக்கட்டைப் பொருளில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்க ரயில்களில் பெட்டியை ஒப்படைத்தால் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைத் தந்தார்கள். அதன் பெயரும் செக். கோவில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதே ஏற்பாடு. ஆகவே விமானத்தில் ‘செக்’ செய்த பெட்டி என்றால் சோதித்த பெட்டி அல்ல, ஒப்படைத்த பெட்டி. சோதனை கைப்பைக்கும்தானே நடக்கிறது! மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்க அனுமதிக்கும் சீட்டு ‘ரெயின் செக்’. இப்போது விருந்துக்கு அழைத்தால் ‘ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்’ என்பார்கள்; ‘இன்னொரு நாள் வருகிறேனே’ என்று எழுதிவிடுங்கள், மழை வேண்டாம். உணவகத்தில் கேட்கும் செக், வெறும் பில். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் பில் என்பது ரூபாய்நோட்டைப் போன்ற டாலர் தாளையும் குறிக்கும். பில்லைக் கொடுத்து அவர்கள் செக்கைத் தீர்ப்பார்கள். செக்கைக் கொடுத்து பிரிட்டிஷ்காரர்கள் பில்லைத் தீர்ப்பார்கள்.

கட்டம் போட்ட துணி நேரே பலகையிலிருந்து வந்தது. சென்னையின் பழைய பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றும் ‘மெட்ராஸ் செக்ஸ்’ துணிக்கும் அப்பன் பாரசீக அரசன்தான். ஆனால் செக் குடியரசு வேறு. அது அந்த மக்களின் பெயர். நம் எண்ணெய்ச் செக்கும் இந்தக் குடும்பத்தில் சேராது.

படிவத்துக்கு வருவோம். ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததன் அடையாளமாகப் போடும் சரிக்குறியையும் அமெரிக்கர்கள் செக் என்பார்கள், நாம் ‘டிக்’ என்போம். எனவே ‘உரிய கட்டத்தில் டிக் செய்யவும்’ என்று எழுதுங்கள். மற்ற இரண்டு வரிகள்: ‘ஒரு பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்’, ‘சாப்பிட்டு முடித்ததும் பில் கேளுங்கள்’. கையேட்டில் ‘செக்-இன்’ வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ‘உள்சரிபார்ப்பு’ என்று ஓர் இடத்தில் பார்த்தேன். எந்தப் பயணிக்கும் அது புரியப் போவதில்லை.