ட்ரம் அவருடையது, கொசு?

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் மூன்று பேருக்கு டெங்கு. அதில் என் மகளும் ஒருத்தி; இப்போது தேறிவிட்டாள். ஆனால் கொசுப்புழு பார்க்க வரும் பெண்களை எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. "என் தண்ணி, என் இஷ்டம். மருந்து ஊத்திட்டா எதைக் குடிக்கிறது?" என்று சத்தம் போடுகிறார். கொரோனா சமயத்தில் தெருவுக்கே கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்த மனுஷன்! இந்தச் சுயநலத்தை என்னவென்று சொல்வது?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: மகள் தேறியதில் சந்தோஷம் அம்மா. தெருவில் இனி யாருக்காவது வந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: காய்ச்சல் இறங்கியதும் எழுந்து நடமாட விடக்கூடாது. டெங்குவில் அதற்கடுத்த ஓரிரு நாள்தான் ஆபத்து.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். சுகாதார ஆய்வாளராக நம் மாவட்டத்தில் நான் ஏறி இறங்கிய வாசல்களுக்குக் கணக்கில்லை. கேட்டைப் பூட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தண்ணீர்ப் பயம். போர் தண்ணீரின் ஃப்ளோரைடால் காவியேறிய பல்லோடு வளர்ந்த ஊர் இது. 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்து என்றைக்குக் குழாயில் வரும் என்ற நிச்சயம் எல்லாத் தெருவுக்கும் கிடைக்கவில்லை. அதனால் ட்ரம்மிலிருந்து சொம்பு வரை நிரப்பி வைக்கிறோம். எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து றெக்கை முளைத்துப் பறக்கவும் அதே எட்டுப் பத்து நாள்தான். இரண்டு கணக்கும் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

சட்டம் இருக்கிறது, 1939-லிருந்தே. நோட்டீஸ் கொடுக்கலாம். நானும் கொடுத்திருக்கிறேன். ஒருவர் கோபத்தில் என் கண்ணெதிரிலேயே ட்ரம்மைக் கவிழ்த்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்து வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே ட்ரம்மில் புழு நெளிகிறது! முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் தேய்த்தால்தான் போகும். அதை அவருக்குச் சொல்லாமல் நோட்டீஸை மட்டும் நீட்டியது என் தப்பு.

மருந்தைப் பற்றி: கொசுப்புழுவைக் கொல்ல ஊற்றுகிற அபேட், உலக சுகாதார நிறுவனமே குடிநீரில் விட ஒப்புக்கொண்டது, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மனசு ஒப்பாதவர்கள் குடிக்க ஒரு குடம் முன்கூட்டியே எடுத்து மூடி வைத்துக்கொள்ளட்டும்.

கபசுரக் குடிநீர் கொடுத்தவர் எப்படி இப்படி என்கிறீர்கள். வாசலில் நின்று கொடுப்பது சுலபம் அம்மா. நம் குளியலறை மூலையில் இன்னொருத்தர் டார்ச் அடித்துப் பார்ப்பது அப்படியா? வந்திருப்பவள் எந்தத் தெருப் பெண் என்று பார்த்துக் கேட்டைச் சாத்தியவர்களையும் எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இவ்வளவு பேசுகிற என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். ஊரெல்லாம் நான் டார்ச் அடித்துத் திரிந்தபோது, என் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் புழு. கண்டுபிடித்தது என்னிடம் தினக்கூலிக்கு வேலை பார்த்த பெண். "சார், உங்களுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதவா?" என்றாள். அன்று மாலை வரை அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியவர் தனியாக இருக்கிறாரா? 200 லிட்டர் ட்ரம் நிரம்பினால் இருநூறு கிலோ. அந்த வயதில் கவிழ்க்க முடியாது என்பதைத்தான் "என் இஷ்டம்" என்று சொல்கிறாரோ என்னவோ. தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து, ட்ரம் அடிமட்டத்தில் இருக்கும்போது, உங்கள் வீட்டுக்காரரையும் தேங்காய் நாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முந்தின நாள் அவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, மாடியில் சும்மா கிடக்கிற ஆட்டுக்கல் குழியை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டையும்.